ஹாரூன் மலைக்குப் போகும் வழி: பெட்ரா உண்மையில் காணாமற் போனதா?

பெட்ராவைப் பற்றி எழுதப்பட்ட பயண நூல்களில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் முதலில் சொல்கின்றன. ஜோர்தானின் தெற்கில், பாலைவன மலைகளுக்குள் ஒரு பெரிய நகரம் இருந்தது. அது பல நூற்றாண்டுகள் உலகத்தின் கண்ணில் படாமல் மறைந்து கிடந்தது. 1812ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் லூட்விக் பர்க்ஹார்ட் என்பவர் அதைக் 'கண்டுபிடித்தார்'. அன்றிலிருந்து அதற்குக் 'காணாமற்போன நகரம்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையில் சில சின்னக் கேள்விகள் விடுபட்டுப் போகின்றன. பர்க்ஹார்ட்டுக்கு வழிகாட்டியவர் யார்? எந்தப் பாதையால் கூட்டிப் போனார்? அந்தப் பாதை எங்கே போவதற்காக இருந்தது? இவற்றுக்கு விடை தேடப் போனால், நாம் வந்து நிற்பது நபி ஹாரூன் (அலை) அவர்களின் பெயரால் அழைக்கப்படும் ஒரு மலையடிவாரத்தில்தான்.

நம்மட ஆக்கள் இப்போது பைத்துல் முகத்தஸ் ஸியாரத்துக்குப் போகும்போது ஜோர்தானுக்கும் போய்வருகிறார்கள். பெட்ராவுக்கு ஒதுக்கப்படுவது அநேகமாக ஓர் அரைநாள். ஸீக் என்ற இடுக்குப் பாதையால் நடந்து போய், கஸ்னாவுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, லுஹருக்கு முன்னர் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். நானும் அப்படியொரு குழுவோடு போனவன்தான். "அந்த வெள்ளைக் குப்பா தெரியிற மலைக்கு ஏற ஏலாதா?" என்று கேட்டதற்கு, "அதுக்கு ஒரு நாள் வேணும் தம்பி, எல்லாருக்கும் கால் விடாது" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். குழு அம்மானுக்குத் திரும்பிய பிறகு மூன்று நாட்கள் நான் வாதி மூஸாவில் தங்கி, அந்தப் பாதைகளை நடந்து பார்த்தேன். பிறகு வாசித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பாதைகளால் ஆன ஊர்

பெட்ரா ஒரு தனிக் கட்டடம் அல்ல. இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பிரதேசமாக இருப்பது ஏறத்தாழ 264 சதுர கிலோமீற்றர் நிலம். மணற்கல் மலைகள், அவற்றைப் பிளந்து ஓடும் வாதிகள், செங்குத்தான பாறை இடுக்குகள், மேற்கே வாதி அறபாவை நோக்கி இறங்கும் சரிவுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். வாகனம் போகும் வழி மிகக் குறைவு. கால்தான் வாகனம், கழுதையும் ஒட்டகமும் துணை.

பிரதான வாசலான ஸீக் ஏறத்தாழ 1.2 கிலோமீற்றர் நீளமானது. இரு பக்கமும் வானத்தை மறைக்கும் பாறை. சுவரோரமாகத் தண்ணீர் போக வெட்டிய கால்வாய்களும், களிமண் குழாய் பதித்த தடங்களும் இன்னும் தெரிகின்றன. அதன் முடிவில் ஏறத்தாழ 40 மீற்றர் உயரமான கஸ்னா. அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. ஒன்று, மத்பஹ் எனப்படும் பலி மேடைக்குப் பாறையில் வெட்டிய படிகளால் ஏறுகிறது. மேலே இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. அவை கொண்டுவந்து நட்டவை அல்ல. சுற்றியிருந்த மலையையே வெட்டி அகற்றி, அந்த இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். மற்றொரு பாதை சுமார் 800 படிகள் ஏறித் தைர் எனப்படும் மாபெரும் முகப்புக்குப் போகிறது. வடக்கே ஸீக் அல்-பாரித், அதற்கு அருகே பைழா. பைழாவில் 1958 முதல் டயானா கிர்க்பிரைட் நடத்திய அகழ்வில், நபத்தியருக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முந்திய புதிய கற்காலக் கிராமம் ஒன்று வெளிப்பட்டது. ஜோர்தானை வடக்கே உம்மு கைஸிலிருந்து தெற்கே அகபாவரை கால்நடையாகக் கடக்கும் 'ஜோர்தான் தடம்' என்ற நெடும்பாதையும் இந்தப் பக்கத்தாலேயே தைருக்கு வந்து சேர்கிறது.

இந்தப் பாதைகள் உல்லாசப் பயணிகளுக்காகப் புதிதாகப் போடப்பட்டவை அல்ல. கைகாட்டியும் பெயர்ப்பலகையும்தான் புதியவை. படிகள் நபத்தியர் வெட்டியவை. தடங்கள் அவர்களுக்குப் பின் வந்தவர்கள் நடந்து நடந்து காப்பாற்றியவை.

தண்ணீரை அறியாமல் இந்தப் பாதைகளை விளங்க முடியாது. மழை குறைவான நாடுதான். ஆனால் பெய்தால் மலையெல்லாம் சேர்ந்து ஒரே இடுக்கால் வழியும். நபத்தியர் ஸீக்கின் வாசலில் அணை கட்டி, பாறைக்குள்ளே சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். அந்த ஏற்பாடு பழுதடைந்து கிடந்த காலத்தில், 1963இல், ஸீக்குக்குள் திடீர் வெள்ளம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் மௌத்தானார்கள். அதன் பிறகுதான் அணை திரும்பக் கட்டப்பட்டது. 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கான பயணிகளை அவசரமாக வெளியேற்ற நேர்ந்தது. எந்த வாதியில் எந்த மேகத்துக்கு இறங்கக் கூடாது என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த இல்ம். பலகையில் எழுதி அதை முழுதாகக் கொடுத்துவிட முடியாது.

நபத்தியர் யார்?

நபத்தியர் அறபு மக்கள். கி.மு. 312இல் மகா அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான அன்திகோனஸின் படை அவர்களைத் தாக்கியதாகக் கிரேக்க வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அப்போதே அவர்கள் சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைத் திரவியம் ஆகியவற்றைத் தென் அறேபியாவிலிருந்து மத்தியதரைக் கரைக்குக் கொண்டுபோகும் வணிகர்கள். கி.பி. 106இல் ரோமர் அவர்களது அரசைத் தம்மோடு இணைத்துக்கொண்டனர். 363ஆம் ஆண்டு மே மாதம் ஏற்பட்ட பூகம்பத்தில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்தது. வணிகமும் கடல் வழிக்கும் வேறு தடங்களுக்கும் மாறிக்கொண்டிருந்தது.

நமக்கு முக்கியமான ஒரு செய்தி: நபத்திய எழுத்திலிருந்துதான் அறபு எழுத்து படிப்படியாக உருவானது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்றுக்கொண்ட முடிவு. 328ஆம் ஆண்டைச் சேர்ந்த நமாரா கல்வெட்டு நபத்திய எழுத்தில், ஆனால் அறபு மொழியில் இருக்கிறது. நாம் அன்றாடம் ஓதுகிற எழுத்தின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் இந்த மலைகளைத் தொடாமல் போக முடியாது.

ஸவூதியிலுள்ள அல்-ஹிஜ்ர், அதாவது மதாயின் ஸாலிஹ், இதே நபத்தியரின் தென்னெல்லை நகரம். 2008இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள சமாதிகள் பலவற்றில் யாருக்குரியது, எந்த ஆண்டில் வெட்டியது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டுகள் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதே நிலம் தமூது கூட்டத்தாரோடு தொடர்புபடுத்தப்படுவதும், தபூக் பயணத்தில் அவ்விடத்தைக் கடக்கும்போது அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னதும் நாம் அறிந்தவை. பெட்ராவின் பெரிய முகப்புகளில் அப்படிப்பட்ட எழுத்து அநேகமாக இல்லை. அதனால்தான் பெட்ராவின் பிற்கால வாழ்வு பற்றி யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போக முடிந்தது.

எரிந்த சுருள்கள் சொன்னது

1993ஆம் ஆண்டு பெட்ராவின் பைஸாந்தியத் தேவாலய இடிபாட்டில், நெருப்பில் கருகிய சுமார் 140 பப்பைரஸ் சுருள்கள் கிடைத்தன. கரிக்கட்டை போல இருந்தவற்றைப் பின்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகப் பிரித்து வாசித்தார்கள். கிரேக்க மொழியில் எழுதிய 6ஆம் நூற்றாண்டின் சொத்து உறுதிகள், திருமண ஒப்பந்தங்கள், வரிக் கணக்குகள், பாகப்பிரிவினை வழக்குகள். 363 பூகம்பத்தோடு நகரம் முடிந்துவிட்டது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டங்கண்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அங்கே காணி பாகம் பிரிப்பதில் குடும்பங்கள் சண்டை பிடித்திருக்கின்றன!

இன்னும் இரண்டு செய்திகள் அந்தச் சுருள்களில் உண்டு. காணிகளின், வீடுகளின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றில் பல அறபுப் பெயர்கள். ஆகவே, இஸ்லாத்துக்கு முன்னரே அங்கே மக்கள் பேச்சில் அறபு இருந்தது. அடுத்தது, ஓர் ஆவணத்தில் ஹாரூன் (அலை) அவர்களின் பெயரால் அமைந்த ஒரு துறவி மடத்துக்கு ஒருவர் சொத்து எழுதி வைக்கிறார். 1997இல் பின்லாந்து ஆய்வுக் குழு ஒன்று ஜபல் ஹாரூனில் வேலை தொடங்கியது. உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள மேட்டு நிலத்தில் அவர்கள் தோண்டிய இடத்தில் ஒரு தேவாலயமும் மடமும் வெளிப்பட்டன.

அறுந்து போகாத தடம்

ஹாரூன் (அலை) அவர்கள் எங்கே அடக்கப்பட்டார்கள் என்று குர்ஆன் சொல்லவில்லை. பைபிளின் ஹோர் மலையைப் பெட்ராவோடு இணைத்தவர்களில் முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொஸீபஸ் முக்கியமானவர். நான் இங்கே பேசுவது அடக்கத்தலம் சரியா பிழையா என்பதைப் பற்றி அல்ல. மக்கள் அதை நம்பி அந்த மலைக்கு நடந்தார்கள் என்பதைப் பற்றியே. அந்த நடையின் சாட்சிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

10ஆம் நூற்றாண்டில் அல்-மஸ்ஊதி ஜபல் ஹாரூனைக் கிறிஸ்தவர்களின் புனித மலை என்று குறிப்பிடுகிறார். 1100இல் சிலுவைப்படையின் பால்ட்வின் வாதி மூஸாவுக்கு வந்தபோது உடன் வந்த புல்ஷர், மலையுச்சியில் ஹாரூன் பெயரிலான மடம் இருந்ததை எழுதுகிறார். சிலுவைப் படையினர் அங்கே வுஅய்ரா, ஹபீஸ் என்ற கோட்டைகளையும் வைத்திருந்தார்கள். ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் அவை கைமாறின. 1217இல் அந்த வழியால் போன தீத்மார் என்ற ஜெர்மானிய யாத்திரிகர் மலையில் இரண்டு கிரேக்கத் துறவிகள் வாழ்ந்ததைச் சொல்கிறார். 1276இல் மம்லூக் ஸுல்தான் ளாஹிர் பைபர்ஸ் கெய்ரோவிலிருந்து கரக் கோட்டைக்குப் போகும் வழியில் பெட்ராவைக் கடந்தார். மலையைக் குடைந்த வீடுகளையும், அவற்றின் தூண்களையும், ஹாரூன் மலையையும் அந்தப் பயணக் குறிப்பு பேசுகிறது. அதை நமக்குச் சேமித்துத் தந்தவர் 1333இல் மறைந்த அந்-நுவைரி. 14ஆம் நூற்றாண்டு மம்லூக் காலத்தில் உச்சியிலுள்ள கப்ர் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. கீழேயிருந்து வெள்ளையாகத் தெரிகிற குப்பா அதுதான்.

ஆகவே, கிறிஸ்தவத் துறவி நடந்த அதே தடத்தில் முஸ்லிம் நேர்ச்சைக்காரரும் நடந்திருக்கிறார். இடையில் ஒரு நூற்றாண்டிலும் அந்தத் தடத்தில் புல் முளைத்துவிட்டதாகத் தெரியவில்லை. பெட்ரா மறக்கப்பட்டது ஐரோப்பியரின் புத்தகங்களில்தான்.

"இப்னு பதூதா ஏன் சொல்லவில்லை?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1326இல் திமிஷ்கிலிருந்து ஹஜ் கூட்டத்தோடு புறப்பட்ட அவர் கரக், மஆன் வழியாகப் போனார். மஆன் பெட்ராவுக்குக் கிழக்கே, அவ்வளவு தூரத்தில் இல்லை. ஆனால் ஹஜ் பாதை மலைக்குள் இறங்காது. அது மேட்டுப் பாலைவனத்தால் நேராகத் தெற்கே போகும். அவர் போகாத வழியை அவர் எழுதவில்லை. அதே தலைமுறையில் கெய்ரோவில் இருந்த நுவைரி எழுதிவைத்தார். ஒரு பெரிய நூலின் மௌனத்தை மட்டும் வைத்து ஓர் ஊரைக் காணாமற் போக்கிவிட முடியாது.

ஓர் ஆடும் இரண்டு பழைய லாடங்களும்

பர்க்ஹார்ட் அலெப்போவில் தங்கி அறபு படித்தவர். ஷைக் இப்ராஹீம் என்ற பெயரில் முஸ்லிம் வணிகர் போலப் பயணம் செய்தார். 1812 ஓகஸ்டில் கெய்ரோவுக்குப் போகும் வழியில், வாதி மூஸாவின் பழைய இடிபாடுகள் பற்றி ஊரார் பேசுவதைக் கேட்டார். பார்க்க ஆசை. சும்மா போய்ப் பார்க்கக் கேட்டால் சந்தேகப்படுவார்கள். எனவே, ஹாரூன் நபியின் கப்ரடியில் ஓர் ஆடு அறுக்க நேர்ச்சை வைத்திருப்பதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் காரணம் ஊரில் செல்லுபடியாகியிருக்கிறதென்றால், அப்படி நேர்ச்சை வைத்து வருவது அங்கே புதினமில்லாத சங்கதி என்றுதானே அர்த்தம்? மலைவரை போக விரும்பாதவர்கள் கப்ர் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே அறுத்துவிடுவதும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். எல்ஜி கிராமத்தில், அதாவது இன்றைய வாதி மூஸாவில், ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்தார். கூலி, இரண்டு பழைய குதிரை லாடங்கள். வழிகாட்டி ஆட்டைத் தூக்கிக்கொண்டார். இவர் தண்ணீர்த் தோற்பையைச் சுமந்தார். ஸீக்கால் இறங்கிக் கஸ்னாவைக் கண்டார்கள்.

இவர் ஒவ்வொரு இடிபாட்டுக்குள்ளும் நுழைந்து பார்ப்பதைக் கண்ட வழிகாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் முன்னோரின் நகரத்தில் உனக்கு வேறு ஏதோ வேலை இருக்கிறது, நீ முஸ்லிம் அல்ல என்ற கருத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னதைப் பர்க்ஹார்ட் மறைக்காமல் பதிந்திருக்கிறார். அந்த வழிகாட்டி அதை வெறும் கல்மலை என்று நினைக்கவில்லை. பழைய நகரம் என்று தெரிந்தே பேசியிருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டதால் மலையில் ஏறாமல் அடிவாரத்திலேயே ஆட்டை அறுத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். இதுதான் அந்தப் பெரிய 'கண்டுபிடிப்பு' நடந்த விதம். இடிபாடு பழைய பெட்ராவாக இருக்கலாம் என்று இனங்கண்டது பர்க்ஹார்ட்டின் படிப்பு. அதை யாரும் குறைக்கத் தேவையில்லை. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஸியாரத் பாதை.

பர்க்ஹார்ட் 1817இல் கெய்ரோவில் மௌத்தானார். முஸ்லிம் மையவாடியில் ஷைக் இப்ராஹீமாகவே அடக்கப்பட்டார். நூல் 1822இல் வெளிவந்து அவரது பெயர் உலகமெங்கும் போனது. லாடத்துக்கு வழிகாட்டியவரின் பெயர் அந்த நூலில் இல்லை.

பாதுகாப்பும் குடியிருப்பும்

இது இருநூறு வருடத்துக்கு முந்திய கதை என்று விட்டுவிட முடியாது. பெட்ராவின் குகைகளிலும் கூடாரங்களிலும் ஆடு மேய்த்து வாழ்ந்தவர்கள் பதுல் என்ற பதவி மக்கள். 1985இல் பெட்ரா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதே காலத்தில் அவர்கள் மேலே உம்மு ஸைஹூன் என்ற புதிய குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டார்கள். வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம் கிடைத்தன. பிள்ளைகள் படித்தார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேய்ச்சலும் விதைப்பும் போய், வாழ்வு முழுக்கப் பயணிகளின் கையை நம்பியதாக மாறியது. குடும்பம் பெருகப் பெருகக் குடியேற்றத்தில் இடமும் போதவில்லை.

பிறகு 2005இல் அதே யுனெஸ்கோ, பெட்ராவிலும் வாதி ரம்மிலும் வாழும் பதவிகளின் பண்பாட்டு வெளியை மனித குலத்தின் அருவ மரபுரிமையாக அறிவித்தது. அவர்களது வாய்மொழிக் கவிதை, வைத்திய அறிவு, தடம் பார்க்கும் திறமை, மலையேறும் திறமை எல்லாம் காப்பாற்றப்பட வேண்டியவை என்றது. கல்லைக் காக்க ஆட்களை மேலே அனுப்பி இருபது வருடம் கழித்து, அந்த ஆட்களின் அறிவைக் காக்க வேண்டும் என்று அறிவிக்கிறோம்.

ஜபல் ஹாரூனுக்கு உள்ளூர் வழிகாட்டியோடு போவதுதான் நல்லது. கஸ்ருல் பின்தைத் தாண்டி, பாறையில் செதுக்கிய பாம்புச் சின்னத்தருகே போய், பிறகு மேலேறும் வழி. போய்வர ஐந்தாறு மணித்தியாலம் செல்லும். உயரம் ஏறத்தாழ 1,350 மீற்றர். எனக்கு வழிகாட்டிய இளைஞர் ஒரு குகையைக் காட்டி, "வாப்பா பிறந்தது இதுக்குள்ளதான்" என்றார். கொஞ்ச தூரம் போய், மழைக்காலத்தில் தண்ணீர் தங்கும் ஒரு பாறைக் குழியைக் காட்டினார். பயண வரைபடத்தில் அந்தக் குகையுமில்லை, குழியுமில்லை. 2019இல் பெட்ராவுக்கு வந்த பயணிகளின் தொகை முதன்முறையாகப் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் கஸ்னாவோடு திரும்பியிருப்பார்கள்.

மலைப்பாதையும் ஆவணமே

இப்னு பதூதாவுக்குத் திரும்பி வருகிறேன். மஆனைத் தாண்டிப்போய்ப் பதினெட்டு வருடத்தின் பின், 1344இல், அவர் நமது தீவில் பாவா ஆதம் மலை ஏறினார். அங்கே உச்சியை மட்டும் எழுதிவிட்டு அவர் போகவில்லை. பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகிறார். எது லேசு, எது கஷ்டம், எதால் ஏறினால்தான் ஸியாரத்தாக எண்ணுவார்கள், பிடித்து ஏறச் சங்கிலி எங்கே என்றெல்லாம் எழுதுகிறார். அந்தப் பாதையை முதலில் திறந்தவர் என்று ஷீராஸைச் சேர்ந்த ஷைக் அபூ அப்தில்லாஹ் இப்னு கபீபின் பெயரையும் பதிந்துவைத்தார். வழிகாட்டியவரின் பெயரைத் தவறவிடாத அந்த ஒரு வரியால்தான், நம் மூதாதையரின் மலைப்பயணத்தைப் பற்றி இன்று ஓர் ஆதாரத்தோடு பேச முடிகிறது.

ஒரு தலம் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்படும்போது கற்கள் அளக்கப்படுகின்றன, இலக்கமிடப்படுகின்றன. அது தேவைதான். அதே வேளை, அங்கே நடந்தவர்களின் பாதை, அதன் தரிப்பிடங்கள், தண்ணீர்க் குழிகள், பெயர்கள் எழுதப்படாவிட்டால், ஒரு தலைமுறைக்குள் அந்த இடத்துக்குப் 'பிறகு வந்தவர்' கண்டுபிடிப்பாளராகிவிடுவார். பெட்ராவில் நடந்தது இதுதான்.

நம் ஊர்களில் பாவா ஆதம் மலைக்கும் ஏனைய ஸியாரங்களுக்கும் காட்டு வழியால் கால்நடையாகப் போன பெரியவர்கள் இன்னும் ஒரு சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எந்த ஊரால் இறங்கினீர்கள், எங்கே சோறாக்கினீர்கள், எந்த ஆற்றைக் கடந்தீர்கள், யார் முன்னுக்கு நடந்தது என்று அவர்களிடம் கேட்டு, பெயரும் இடமும் பிழையில்லாமல் எழுதிவைக்க நம் இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். ஓர் அப்பியாசக் கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும்.